தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

பிப்ரவரி 11, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. போர்ட் பிளேரிலிருந்து இந்தத் தீவுக்கு வருகிற கப்பலில்தான் குடல் வாய்க்கு வந்துவிட்டது. நான் பாலித்தீன் பையும் கையுமாகக் கிடக்க, ஆபரேஷன் ஆன மனுஷன் ஜன்னல் ஓரம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்க்கிறார். "யாருக்கு யாரும்மா துணை?" என்று அனுசுயா வழியெல்லாம் கேலி.

செலவு பூராவும் அவளுடையது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அப்பா அம்மாவை எங்கேயாவது கூட்டிப்போயே தீரவேண்டுமாம். "கோயில் குளம்னா சரி. இதென்னட்டி, கடற்கரையில ரிசார்ட்டு?" என்றேன். "குளம் இருக்கும்மா, நீச்சல் குளம்" என்றாள். வாய் மட்டும் அப்படியே அவள் அப்பா.

அவர் வாய் இப்போது அப்படி இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இடது கன்னத்தில் புற்று. புகையிலை, புகையிலை என்று நான் கத்தினது யார் காதில் ஏறியது? மதுரையில் தாடையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையை வெட்டிக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். ஆளை முழுசாகத் திருப்பிக் கொடுத்தானே கழுகுமலையான், அவனுக்கு நான் தினமும் விழுந்து கும்பிட்டாலும் தகும். வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. எதையும் கூழாகக் குழைத்துத்தான் தர வேண்டும். இடது பக்கம் உணர்ச்சி கிடையாது, வழிந்தால் அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்து துடைத்துவிடுவேன்.

அதனால் வெளியில் எங்கும் சாப்பிடுவதில்லை. அவருக்குக் கூச்சம். தவசிலிங்கம் பெயிண்ட் கடை என்றால் கோவில்பட்டியில் தெரியாத ஆள் இல்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணமென்றாலும் பந்தி விசாரிப்பு இவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, "ஏய், அந்தக் கடைசி எலைக்கு அப்பளம் எங்கடே!" என்று ஒரு சத்தம் போட்டால் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட மனுஷன் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே யோசிக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இங்கே சாப்பாட்டுக் கூடம் மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது. மேலே கீற்றுக் கூரை, முன்னால் நீச்சல் குளம், அதைத் தாண்டினால் கடல். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஊர் மொத்தமும் நம் தட்டைப் பார்க்கும். நல்லவேளை, கோடியில் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை கிடந்தது. அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தேன். நான் கூடத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். யாராவது வந்தால் ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

கல்யாணத்துக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டேன். சம்பந்தி பந்தியில் அவருக்கு இலை போட வேண்டாம், மணமகள் அறையில் வைத்து நானே கொடுத்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா பூரணத்திடம் பொங்கல் சமயத்திலேயே சொல்லியாயிற்று. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் நிம்மதியாகி விடுவார்.

பிப்ரவரி 12, புதன்

மானம் போயிற்று. எழுதாமல் இருந்தால் நாளைக்கு அனுசுயா கண் காது மூக்கு வைத்து ஊரெல்லாம் சொல்வாள், அதற்கு நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

காலையில் போனால் தூண் மேசையில் யாரோ ஒரு வங்காளத்து ஜோடி. எங்கள் வயதுதான் இருக்கும். அந்தம்மா பப்பாளித் துண்டைக் கத்தியால் நறுக்கி, முள்ளால் குத்தி, ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாயில் போடுகிறாள். நம் ஊர்ப் பந்தியில் நாம் என்ன செய்வோம்? பாயசத்துக்கு வந்துவிட்ட ஆளாகப் பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய்ச் சாய்வில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்போம். சாப்பிடுகிறவரும் தப்பாக நினைக்க மாட்டார். திரும்பிப் பார்த்து, "இந்தா ஆச்சுக்கா, மோருதான்" என்பார். அந்த இடம் நமக்கு. வேறு ஒருத்தரும் வர மாட்டார்கள்.

அந்தப் பழக்கத்தில் போய் அந்தம்மாவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தேன். மறுபடி பார்த்தாள். மறுபடி சிரித்தேன். அவள் வீட்டுக்காரரிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவசரம் அவசரமாக மிச்சப் பப்பாளியை விழுங்கி, எச்சில் தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்து, "தேங்க்யூ" என்றாள்.

நானும் வாங்கிக்கொண்டேன்! வாங்கின பிறகுதான் உறைத்தது. நான் கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலை. இங்கே பரிமாறுகிற பெண்பிள்ளைகள் கட்டியிருப்பதும் அதே மாம்பழக் கலர்.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற ரோஸ்லின் ஓடிவந்து தட்டை வாங்கினாள். நாற்பது வயது இருக்கும், அப்பா அம்மா ராமநாதபுரத்துக்காரர்களாம், இவள் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். "அக்கா, இங்க அப்பிடிப் பின்னால நிக்கக் கூடாதுக்கா. பயந்துட்டாங்க பாவம். உங்களுக்கு எந்த மேசை வேணும்னு என்கிட்டச் சொல்லுங்க, நான் போட்டு வெக்கிறேன்" என்றாள். அந்தத் தூண் மேசை இனி மூன்று வேளையும் எங்களுக்கு. நல்ல மனசு. அவர் சாப்பிடுவதைப் பற்றி விவரம் சொன்னதும், சமையல்காரரிடம் சொல்லி எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். கேட்காமலே செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அனுசுயா சிரித்த சிரிப்பில் ஆரஞ்சு ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. அவரும் சிரித்தார். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அதைப் பார்த்து! சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். நான் சட்டென்று துண்டை எடுத்து வாயைப் பொத்தினேன்.

அப்புறம் அவர் ஒரு இட்லிகூட உருப்படியாகச் சாப்பிடவில்லை. அரைத்த இட்லியில் உப்பு குறைச்சலோ என்னவோ.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்கு நீச்சல் குளத்துச் சண்டை.

குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள், குடையோடு. விடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் கோடியில் வாழைக் கன்றுகளுக்குப் பின்னால் இருந்த மூன்று நாற்காலியில் மூன்று துண்டைப் போட்டுவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து திருச்செந்தூர் பஸ்ஸில் இடம் பிடித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் துண்டைக் காணோம். ஆள் இல்லாமல் துண்டு கிடந்தால் எடுத்துவிடுவார்களாம். பலகையில் எழுதியிருக்கிறதாம். நம் நாற்காலியில் யாரோ மூன்று பிள்ளைகள் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்து சிப்ஸ் தின்கின்றன.

நான் குளத்துப் பையனிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவரைக் காணவில்லை. பார்த்தால், நட்ட நடுவில், படிக்கட்டுப் பக்கம், வேட்டியைத் தொடைக்கு ஏற்றிக்கட்டிக் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அந்த வங்காளத்து மனுஷர். பெயர் பிஸ்வாஸ். இவருக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது, பேசுகிற தமிழும் எனக்கும் அனுசுயாவுக்கும்தான் புரியும். ஆனால் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசுகிறார்கள். மீன் நீளம் இவ்வளவு, அவ்வளவு என்று போலிருக்கிறது.

"எந்திரிங்க, அங்க நெழல்ல எடம் இருக்கு" என்று கூப்பிட்டேன்.

"இங்க நல்லாத்தான இருக்கு" என்றார்.

"காத்து அடிக்கி. சளி பிடிக்கும்."

எழுந்து வந்துவிட்டார். என்றைக்குமே என் பேச்சைத் தட்ட மாட்டார், அது ஒரு கொடுப்பினை. காற்று உண்மையிலேயே அங்கே கூடுதல்தான். அனுசுயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேசைக்கு மேசை சிவப்பு பலூனும் காகித இதயமும் கட்டி வைத்திருக்கிறார்கள், இந்த வயதில் எனக்கும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தார்கள், வெட்கக்கேடு. வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டு கொட்டென்று மழை. மாசி மாதம் இங்கே மழையே வராது என்று எல்லாரும் சொன்னார்கள், வந்ததே! குளத்தில் கிடந்த கூட்டம் முழுக்க ஈரத் துணியோடு கூடத்துக்குள் ஓடிவந்துவிட்டது. மூன்று பக்கமும் திறந்த கூடமாயிற்றே, சாரல் அடித்து ஓரத்து மேசையெல்லாம் நனைந்துபோயிற்று. உட்கார இடம் இல்லாமல் ஜனம் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் அழுகின்றன. பரிமாறுகிற பெண்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் அப்போது சமையல்கட்டு வாசலில் நின்று ரசஞ்சாதத்தை அரைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தோடு வெளியே வந்தால், தூண் மேசை அங்கே இல்லை.

கூடத்து நடுவில் இருக்கிறது. பக்கத்தில் இன்னும் இரண்டு மேசையை இழுத்துச் சேர்த்து ஒரே பந்தியாக்கி, அதற்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார் இவர். ஒரு கையை ஆகாசத்தில் தூக்கி, "வாங்க! வாங்க! இங்க எடம் இருக்கு!" என்று சத்தம் போடுகிறார். பாதி எழுத்து மூக்கு வழியாக வருகிறது. எவருக்கும் தமிழ் தெரியாது. எல்லாரும் வருகிறார்கள்! கைப்பிள்ளைக்காரியை முதலில் உட்காரவைத்தார். பிஸ்வாஸுக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டார். ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து விரலால் கடைசி நாற்காலியைக் காட்டி, தட்டு எங்கே என்று சைகை. ரோஸ்லின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளும் அவர் காட்டுகிற பக்கமெல்லாம் ஓட ஆரம்பித்தாள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவரும் உட்கார்ந்தார். எல்லாருக்கும் நடுவில்.

நான் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன். "வாங்க, ரூமுக்குப் போயிரலாம். சாதம் ஆறுது."

"இங்க வை."

"எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டுமே."

"வழியும்ங்க."

"வழிஞ்சா தொடச்சிக்கிடுதேன். எனக்குக் கை இருக்கு."

"ஒங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான…"

அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "எனக்குக் கூச்சம்னு ஒங்கிட்ட எப்பச் சொன்னேன், கனி? நான் வாயத் தொறக்கு முன்ன நீ சுத்திச் சுத்திப் பாக்கே. எவன் பாக்கான், எவ பாக்கான்னு. அதப் பாத்துத்தான் எனக்குத் தொண்ட அடைக்கி. சோறு எறங்க மாட்டேங்கி."

கிண்ணத்தை வைத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நல்லா இருக்கிறது! ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகப் பால் ஊற்றியது யார்? இரண்டு வருஷமாக அரைத்து, ஆற்றி, துடைத்து, துவைத்து, ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து நான் இலையில் கை வைத்திருப்பேனா? எல்லாம் யாருக்காக? நான் சுற்றிப் பார்க்கிறேனாம். பார்க்காமல்? யாராவது முகத்தைச் சுளித்தால் அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று நான் முந்திப் பார்க்கிறேன். அது குற்றமா? பார்க்கிறவர்கள் என்னைப் பற்றியும்தானே நினைப்பார்கள்.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

அனுசுயா வந்து, அப்பா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார் என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிக் காலையில் சாப்பிடப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. "தூங்கு" என்று சொல்லிவிட்டு அனுசுயாவோடு போய்விட்டார். அவர் இல்லாமல் நான் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவர் துண்டுகளையெல்லாம் எடுத்து மடித்தேன். மறுபடி பிரித்து மடித்தேன்.

கதவு தட்டுகிற சத்தம். ரோஸ்லின், மூடிபோட்ட தட்டோடு.

"ஐயா குடுத்தனுப்பினாருக்கா. சூடு இருக்கும்போதே சாப்பிடச் சொல்லணும்னு ரெண்டு தடவ சொன்னாரு."

"அவரு பேசுறது ஒனக்கு வெளங்குதா?"

"மொத நாள் வெளங்கலக்கா. இப்ப வெளங்குது. கேக்கக் கேக்க வெளங்கிரும்ல?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

மூடியைத் திறந்தால் ரோஸ்ட். நெய் மணம். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி. பிய்த்தால் விரல் சுட்டது. கடைசியாகத் தோசை என் விரலைச் சுட்டது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அவருக்குக் கொடுத்து முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு, நின்றபடியே ஆறிப்போனதை வாயில் போட்டுக்கொள்வதுதான் எனக்கு இத்தனை நாளும் சாப்பாடு. அதை யாரும் கவனித்திருப்பார்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார். பேச வராத வாயை வைத்துக்கொண்டு, எனக்கு ரோஸ்ட்தான் பிடிக்கும், இட்லி பிடிக்காது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவைத்து அனுப்பியிருக்கிறார்.

உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே முழுசையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சாயங்காலம் குளத்துக்குப் போனேன். நடுவில்தான் இருந்தார். நானும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சளி பிடிக்கும்" என்றார். "பிடிச்சாப் பிடிக்கட்டும், போங்க" என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கப்பல் துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் தாமதம். பாலித்தீன் பை தயாராக வைத்திருக்கிறேன்.

காலையில் ரோஸ்லின் கேட்டாள், "எந்த மேசைக்கா?" என்று. "எது காலியோ அது" என்றேன். அவள் கூடத்து நடுவில் போட்டாள். அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். என் முதுகுக்குப் பின்னால்தான் கூட்டமெல்லாம். திரும்பினால்தான் யாரையும் பார்க்க முடியும்.

அவர் அரைத்த பொங்கல், நான் பூரி. இரண்டாவது கரண்டியிலேயே இடது பக்கம் வழிந்துவிட்டது. என் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். உண்மையாகவே உட்கார்ந்துகொண்டேன்! அவருக்கு உணர்ச்சி தெரியாதே, எப்படித் தெரியப்போகிறது என்று பார்த்தால், நாலு வாய்க்கு ஒருதரம் அவர் பாட்டுக்குக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்கிறார். வழிந்தாலும் வழியாவிட்டாலும். இது எப்போது பழகினார்? நான் எங்கே பழகவிட்டேன்.

ஒரு கை தொடைக்கு அடியில் இருக்க, மறு கையால் பூரியைப் பிய்த்துச் சாப்பிட்டேன். பின்னால் யார் பார்த்தார்களோ, பார்க்கவில்லையோ. திரும்ப வேண்டும் போல இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். திரும்பவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணலாகத்தான் இருக்கிறது. இருந்தால் என்ன, மென்று விழுங்குகிறது, சிரிக்கிறது. இது எனக்கு மிச்சமாகக் கிடைத்த முகம். இதற்கு மேல் நான் எந்தச் சாமியிடம் என்ன கேட்பேன்?

திருமதி பிஸ்வாஸ் போகிறபோது என்னைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அனுசுயாவைக் கேட்டேன். "ஒன் வீட்டுக்காரரு இல்லன்னா அன்னைக்கு நின்னுகிட்டேதான் சாப்பிட்டிருப்போம்னு சொல்றாங்கம்மா" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கப்பல் துறைக்கு வந்ததும், அவரும் அனுசுயாவும் இளநீர் குடிக்கப் போன நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் கடலைப் பற்றி, கப்பலைப் பற்றி என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தேன்.

"மதினி, பொங்கலப்ப ஒண்ணு சொன்னேன்லா. சம்பந்தி பந்தியில இவுகளுக்கு எல போட வேண்டாம், ரூம்லயே குடுத்துருதேன்னு. அது வேண்டாம் மதினி. எல்லாரோடயும் உக்காரட்டும்."

அந்தப் பக்கம் பூரணம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அத நாங்க அன்னைக்கே விட்டாச்சே மதினி. ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு அண்ணனுக்கே போன் போட்டோம், பேச்சு வெளங்காம ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டோம். ரூம்லாம் வேண்டாம் தங்கச்சி, பந்தியில எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்து எல போட்டிருங்கன்னாக."

"வேற என்ன சொன்னாக?" என்றேன்.

"கல்யாணத்துக்குள்ள அவள எப்படியாவது பந்திக்குக் கூட்டிட்டு வந்திருதேன், நீங்க ஒண்ணும் கண்டுக்கிடாதீகன்னாக. கூட்டிட்டு வந்துட்டாகளா மதினி?"

தூரத்தில் அவர் இளநீரைக் கரண்டியால் எடுத்து எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஜனம். சட்டையில் பாதி ஊற்றியிருந்தது.

"வந்துட்டேன் மதினி" என்றேன்.